முன் சீட்டுக்கு அடியில்

பாட்டிலில் இருந்த பாலிஷ் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. நாகராசு அதைத் துணியில் இரண்டு அடி அடித்துக்கொண்டு, டேஷ்போர்டின் மேல் ஒரே போக்கில் தேய்த்தான். ஒரு துணி பரப்ப, இன்னொரு துணி துடைக்க. நேரடியாக அடித்தால் திட்டுத் திட்டாகப் படியும். நாலு கதவையும் திறந்து போட்டிருந்தும் உள்ளே வெக்கை. எலுமிச்சை வாசனை தொண்டையில் போய் ஒட்டியது. மத்தியானம் சோற்றில் கை வைத்தாலும் அதே வாசனைதான் வரும்.

திருமயம் பைபாஸில் இருந்த கோபிநாத்தின் வாட்டர் வாஷ் கடையில் அவனுக்கு இது மூன்றாவது வருஷம். சேர்ந்த அன்றே கோபிநாத் ஒன்று சொல்லியிருந்தான். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் பாலிஷ் படக்கூடாது. கால் வழுக்கினால் ஆள் போய்விடும்.

வண்டி ஆனந்தராஜுடையது. அரிமளத்தில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறவன். காலையில் அவனே ஓட்டிவந்து, சாவியை நாகராசுவின் உள்ளங்கையில் போட்டுவிட்டு, "உள்ள நல்லா செய்யிப்பா, நாளைக்கு ஒரு விசேஷத்துக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனான். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். எட்டு மாதத்துக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இதே நாகராசு அரை நாள் அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த முகம் ஆனந்தராஜுக்கு ஞாபகம் இல்லை.

நாகராசுவின் மனைவி உண்ணாமலை அந்த வீட்டில் ஆறு வருஷம் பாத்திரம் தேய்த்தாள். ஒருநாள் ஆனந்தராஜின் மனைவி சிவரஞ்சனியின் கைச்சங்கிலியைக் காணோம். மூன்று பவுன். உண்ணாமலையை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பொழுது சாயும்வரை உட்கார வைத்தார்கள். உள்ளங்கையில் அடித்துக் கேட்டார்கள். அவள் சொன்னது ஒன்றுதான். வீட்டம்மா ஆவுடையார்கோவிலுக்குக் காரில் போகும்போது அது கையில் கிடந்தது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. வீட்டைக் கலைத்துப் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். வழக்கும் இல்லை, எழுத்தும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. இப்போது தைலமரக் காட்டில் பட்டை உரிக்கப் போகிறாள். வலது கை ஆள்காட்டி விரல் இன்னும் மடங்காது.

நாகராசு ஓட்டுகிற பக்கம் வந்து குனிந்தான். கோபிநாத் முன்னால் வேறு வண்டிக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். நாகராசு பாட்டிலை பிரேக் பெடலுக்கு நேராகப் பிடித்து நாலு அடி அடித்தான். வெள்ளை நுரை ரப்பரின் கோடுகளில் இறங்கியது. கடையிலிருந்து பைபாஸ் ஏறுகிற இடத்தில் காரைக்குடி லாரிகள் வேகம் குறைக்காமல் வரும். அங்கே பிரேக்கை மிதித்துத்தான் ஆக வேண்டும்.

அப்படியே இடது பக்கம் போய் முன் சீட்டைப் பின்னால் தள்ளினான். வேக்குவம் குழாய் நுழையாத சந்து அது. பிரஷ்ஷை விட்டு இழுத்தபோது ஏதோ தடுத்தது. தலையைக் கீழே விட்டுப் பார்த்தான். சீட்டு ஓடுகிற தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தலைமயிர், மணல், கசங்கிய விபூதிப் பொட்டலம். நடுவில் மஞ்சளாக ஒரு வளைவு. கொக்கி விட்டுப்போன கைச்சங்கிலி.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

எடுத்துக் கொடுத்தால் என்ன சொல்வார்கள் என்று அவனுக்குத் தெரியும். பெண்டாட்டி எடுத்தாள், புருஷன் கொண்டுவந்து கொடுத்தான் என்பார்கள். அவன் தொடவில்லை. எழுந்து ஓட்டுகிற பக்கம் போனான். உலர்ந்த துணியால் பெடலை அழுத்தித் துடைத்தான். ஷாம்பு தண்ணீர் போட்டுக் கழுவி, மறுபடி துடைத்து, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தான். வழுக்கவில்லை. ஆனந்தராஜ் இப்போது கை காலோடு வர வேண்டும். உண்ணாமலை முன்னால் நின்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். நாலு பேர் கேட்க வேண்டும்.

கடைக்குப் பின்னால் போய் போன் போட்டான். காட்டில் மரம் அறுக்கிற சத்தத்தோடு அவள் எடுத்தாள்.

"ஏ புள்ள, கடைக்கு வா. இப்பவே வா."

"என்னங்க, ஒடம்புக்கு எதுவும்…"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போயி நல்ல சேலையா ஒண்ணு கட்டிட்டு வா. அந்த மண்டபத்துக்காரனும் அவன் பொண்டாட்டியும் ஒங்கிட்ட மன்னிப்புக் கேக்கப் போறாங்க."

அவள் போனை வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து மறுபடி சீட்டுக்கு அடியில் பார்த்தான். குப்பைக்குள் கிடந்தது சரியாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. பார்க்க வருகிறவர்களுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். சங்கிலியைத் தொடாமல், சின்னப் பிரஷ்ஷால் சுற்றியிருந்த மயிரையும் மணலையும் ஒதுக்கி அள்ளினான். விபூதிப் பொட்டலத்தையும் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டான். கறுப்பு பிளாஸ்டிக்கில் பாலிஷ் அடித்து, சந்தில் விரலை விட்டு நேர்த்தியாகத் துடைத்தான். இப்போது நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தது போல இருந்தது. மூன்று வருஷத்தில் ஒரு வண்டிக்கும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை.

அரிமளத்தில் உரக்கடை வைத்திருந்த ஆண்டியப்பன் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவன் காருக்கு நாகராசு காலையிலேயே உள்வேலை முடித்துவிட்டான். வெளியே பூசிய மெழுகு காய ஆண்டியப்பன் காத்திருந்தான். அவன் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். நாகராசு அவனைக் கூப்பிட்டான். கோபிநாத்தையும் கூப்பிட்டான். இருவரும் செல்போன் வெளிச்சம் போட்டுக் குனிந்து பார்த்தார்கள்.

"தொட்டியாண்ணே?" என்றான் கோபிநாத்.

"விரல் படல. நீங்களும் தொடாதீங்க. அவங்கள வரச் சொல்லுங்க."

ஆண்டியப்பனுக்குப் பழைய கதை தெரியும். அந்தப் பொம்பளையை அநியாயமாக அடித்தார்களே என்று உச்சுக்கொட்டினான். மண்டபத்துக்காரர் மாதம் நாலு வண்டி அனுப்புகிறவர், அதனால் மெதுவாகப் பேசுங்கள் என்று கோபிநாத் இரண்டு முறை சொன்னான். நாகராசு கார்ச் சாவியை டவுசர் பைக்குள் அடிவரை தள்ளிக்கொண்டான்.

அரைமணியில் ஆனந்தராஜும் சிவரஞ்சனியும் ஸ்கூட்டரில் வந்தார்கள். நாகராசு கதவைத் திறந்து பிடித்தான். வெளிச்சம் காட்டினான். சிவரஞ்சனி குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை தானாக இடது மணிக்கட்டைப் போய்ப் பிடித்தது.

"நான் உண்ணாமலை புருசன்" என்றான் நாகராசு. "அம்மா, அன்னிக்கு கோயிலுக்குப் போறப்ப இது ஒங்க கையில கெடந்துச்சா, இல்லையா? எம்பொண்டாட்டி அதத்தான் சொன்னா. நீங்க சொல்லுங்க."

அவள் புருஷனைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றாள்.

ஆனந்தராஜ் சங்கிலியை எடுத்து வெயிலில் பிடித்தான். விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டியது. முகர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்து, கிடந்த இடத்தில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை எல்லோருக்கும் காட்டினான்.

"எட்டு மாசம் கெடந்ததுங்கிற. பொட்டுத் தூசி இல்லையேப்பா. இன்னைக்கு வச்சதுல்ல இது?"

"நான்தான் சார் தொடச்சேன். குப்பையாக் கெடந்துச்சு. பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்னு…"

"பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்னு வச்ச. சரிதான்." ஆனந்தராஜ் ஆண்டியப்பன் பக்கம் திரும்பினான். "நீங்க பாத்தீங்களாண்ணே? எப்படி இருந்துச்சு?"

ஆண்டியப்பன் டீ தம்ளரைக் கீழே வைத்தான். "நான் பாத்தப்ப சுத்தமாத்தான் இருந்துச்சு" என்றான். "இருக்கிறதச் சொல்லணும்ல."

நாகராசு குப்பைக் கூடைக்கு ஓடினான். ஏழெட்டு வண்டிகளின் மணலும் மயிரும் மிட்டாய்க் காகிதமும் ஒன்றாகக் கிடந்தன. விபூதிப் பொட்டலங்கள் நாலு இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். அதை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

போலீஸுக்குப் போகப் போவதில்லை என்று ஆனந்தராஜ் கோபிநாத்திடம் சொன்னான். பயந்துபோய்த் திருப்பி வைத்துவிட்டார்கள், பொருள் வந்ததே போதும், ஏழைகள் பிழைத்துப் போகட்டும் என்றான். சத்தம் போடாமல், தன்மையாகவே சொன்னான். சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டு, முந்தானையால் சங்கிலியில் இருந்த பசையைத் துடைத்தாள்.

"சாவியக் குடு" என்றான் ஆனந்தராஜ்.

"எம்பொண்டாட்டி வந்துக்கிட்டு இருக்கா" என்றான் நாகராசு. "அவ எடுக்கலன்னு அவ மூஞ்சியப் பாத்து ரெண்டு பேரும் சொல்லிட்டு வண்டிய எடுங்க. இல்லாட்டி இந்த எடத்த விட்டு நகராது."

"அண்ணே, குடுத்துருங்கண்ணே" என்றான் கோபிநாத்.

"மாட்டேன். அவ ஆறு வருசம் கழுவுன தட்டுல தின்னவன் நீ. அந்த வாயால சொல்லு."

முதல் முறையாக ஆனந்தராஜின் முகம் கறுத்தது. கையை நீட்டி நாகராசுவின் சட்டையைப் பிடித்தான். நாகராசு பக்கத்தில் இருந்த பாலிஷ் பாட்டிலைத் தூக்கி அவன் கண்ணுக்கு நேராக அடித்தான். மூக்கிலும் மீசையிலும் வெள்ளைத் துளிகள் வழிந்தன. ஆனந்தராஜ் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். அடுத்த அடிக்குள் கோபிநாத் நாகராசுவின் கையை முறுக்கிப் பின்னால் மடக்கிவிட்டான். ஆண்டியப்பன் ஓடிவந்து இன்னொரு கையைப் பிடித்தான்.

"இங்கிட்டுப் பையிலதான் வச்சிருக்கான்" என்றான் ஆண்டியப்பன்.

கோபிநாத் டவுசர் பைக்குள் கையை விட்டான். தீப்பெட்டி வந்தது, செல்போன் வந்தது, பிறகு சாவி வந்தது. வேறு ஏதாவது இருக்கிறதா பார் என்று ஆனந்தராஜ் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு சொன்னான். கோபிநாத் இரண்டு பைகளையும் உள்பக்கம் வெளியே வரும்படி இழுத்துப் போட்டான். சட்டைப் பையையும் தடவினான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ நின்றது. உண்ணாமலை இறங்கினாள். தலைக்கு எண்ணெய் தடவி, பச்சைச் சேலை கட்டியிருந்தாள். இரண்டு பேர் நடுவில் பைகள் தொங்க நின்ற புருஷனைப் பார்த்தாள். சிவரஞ்சனியின் கையில் இருந்த சங்கிலியைப் பார்த்தாள். லாரி ஒன்று குறுக்கே போயிற்று. ரோடு காலியான பிறகும் அவள் தாண்டி வரவில்லை.

சிவரஞ்சனி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனந்தராஜ் குழாயடியில் முகம் கழுவினான். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று கோபிநாத் நாகராசுவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆண்டியப்பன் கையைத் தட்டிக்கொண்டு தன் காருக்குப் போனான். டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து ஆர்.சி. புக், கூலிங் கிளாஸ், பேனா என்று ஒவ்வொன்றாக எடுத்து பானட்டின் மேல் வரிசையாக வைத்தான். எல்லாம் இருந்தன. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, செல்போன் வெளிச்சத்தைச் சீட்டுக்கு அடியில் அடித்து எட்டிப் பார்த்தான்.