ஒப்புக்குச் சப்பாணி

ஏசுதாஸுக்கு இடது கால் பிறவியிலேயே வளைந்தது. ஊர் வைத்த பேர் சப்பாணி. வேறு யாராவது வாய் திறப்பதற்குள் அவனே அதைச் சொல்லிச் சிரித்துவிடுவான். அதுதான் அவன் சாமர்த்தியம்.

தொண்ணூற்றொன்று பிறக்கும் சமயம், வேளாண்மை அதிகாரி முனிரத்தினம் ஒரகடத்துப் பக்கம் வந்து, அவனுடைய அரைக் காணியை ‘ஒப்பீட்டு வயல்’ ஆக்கினார். விதைக்கடலை இலவசம். வரப்போரம் அவன் பேர் எழுதிய பலகை.

"ஒப்பீடுன்னா இன்னா சார்?"

"பக்கத்துல அப்பாவு கடலைக்குச் சாம்பல் சத்து போடுவோம், பொட்டாஷ். உன்னுதுக்குப் போடமாட்டோம். கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். ரெண்டையும் பாத்தா ஜனங்களுக்குப் புரியும்."

"அப்ப நான் ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்லு சார்."

அதிகாரியே சிரித்துவிட்டார். ஒரு அதிகாரியைச் சிரிக்கவைத்த பெருமையில் ஏசுதாஸ் தலையாட்டிவிட்டான்.

அவன் மனைவி சவரியம்மாள் சிரிக்கவில்லை. செங்கல் சூளைப் புகை குடித்து நெஞ்சு கெட்டவள் அவள். கடலை காய்த்தால் இனி சூளைக்குப் போகவேண்டாம் என்பது அவன் கொடுத்திருந்த வாக்கு.

மாசியில் அப்பாவுவின் செடிகள் கரும்பச்சையாக நின்றன. ஏசுதாஸின் செடிகளில் இலையோரம் மஞ்சளாகிக் கருகியது. சாம்பல் புதனன்று, பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தவனை அப்பாவு வரப்பில் மறித்தான்.

"யோவ் சப்பாணி, நெலத்துல போடவேண்டியத நெத்தியில போட்டுகினு வர்றியே."

ஏசுதாஸும் சேர்ந்துதான் சிரித்தான். பிறகு வீட்டுக்குப் போய் அடுப்புச் சாம்பலைக் கூடையில் அள்ளிவந்தான். முதல் கை வீசுமுன் அதிகாரியின் வண்டி வந்து நின்றது.

"கூடைய கீழ வை. சோதனையே கெட்டுடும். பெரிய ஆபீசருங்க வந்து பாக்கற வயலுய்யா இது."

வைத்துவிட்டான்.

பங்குனியில் வயல் விழா. பந்தல், குன்றத்தூர் மைக் செட். முனிரத்தினம் அப்பாவுவின் செடி ஒன்றைப் பிடுங்கித் தூக்கிக் காட்டினார், கொத்துக்கொத்தாய்க் காய். அடுத்து ஏசுதாஸின் செடி. இருந்த நாலைந்து காயில் ஒன்றை மைக் அருகே வைத்து நசுக்கினார். உள்ளே காற்று.

"பொக்கு," என்றார். கைதட்டல் அப்போதுதான் எழுந்தது.

ஏசுதாஸை மேடையேற்றி முனிரத்தினமே துண்டு போர்த்தினார். "அடுத்த பட்டத்துக்கும் நீயே ஒப்பீடா இருந்துடு. உன் மண்ணு படு மோசம், வித்தியாசத்த பளிச்சுன்னு காட்டுது."

மறுநாள் சவரியம்மாள் அந்தத் துண்டையே தலையில் கட்டிக்கொண்டு சூளைக்குப் போனாள். பொழுது சாய, இருமிக்கொண்டே திரும்பினாள். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று ஏசுதாஸ் வாயெடுத்தான். அதற்குள் அவள் துண்டை அவிழ்த்து, அந்த வளைந்த காலின்மேல் உதறினாள்.

"சாம்பலுக்கு அலைஞ்சியே. இந்தா, போட்டுக்கோ."