நாலாவது வாக்குறுதி

கட்டிலின் ஒரு கால் தரையைத் தொடவில்லை. அப்பா இருமும்போதெல்லாம் கட்டிலும் அவரோடு சேர்ந்து சாய்ந்து எழுந்தது. சின்னவள் கைப்பையிலிருந்து அக்காவின் தேர்தல் நோட்டீஸ் ஒன்றை உருவினாள். அக்காவின் முகம் உள்பக்கம் போகும்படி பார்த்துப் பார்த்து மடித்து, தரையில் மண்டியிட்டு, அந்தக் காலுக்கு அடியில் சொருகினாள்.

"கீழ என்ன பண்றே?" மூக்கை மூடியிருந்த ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"கட்டில் ஆடுதுப்பா. அக்கா நோட்டீஸை முட்டுக் குடுத்தேன்."

"டயருக்குக் கல்லு வைக்கிற மாதிரி." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "கணக்கு இன்னும் ஜெயிக்கவே இல்ல. அதுக்குள்ள சேவைய ஆரம்பிச்சிட்டா."

அப்பா லாரி ஓட்டி ஓய்ந்தவர். பெரிய மகளைக் கணக்கு என்றும் சின்ன மகளைப் பொடிசு என்றும்தான் கூப்பிடுவார். பெரியவள் கடைத்தெருவில் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் கணக்கு எழுதினாள். ஊர் எல்லையில் எல்லாச் சாமானும் விற்கும் பெரிய கிடங்கு வந்தபிறகு கடையை மூடிவிட்டார்கள். பெயரை மூட முடியவில்லை. கடைத்தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், ஒருநாள் நகரசபைத் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னாள். அப்பாதான் முதலில் கைதட்டினார். அம்மா போனபிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் கைதட்டல் அது.

நேற்று அவருக்கு மாடிப்படியிலேயே மூச்சு நின்று நின்று வந்தது. பக்கத்து வீட்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு, தெருமுனையில் இருக்கும் நகரசபையின் எட்டுப் படுக்கை மருத்துவமனைக்குத்தான் வர முடிந்தது. டாக்டர் காலையில் மட்டும் வருவார். இன்று காலை வந்தவர் அப்பாவின் முதுகில் நெடுநேரம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தார். பிறகு சின்னவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா டாக்டர்?"

"வழி தாங்கமாட்டாரும்மா. அசைக்காதீங்க. வர வேண்டியவங்க யாராவது இருந்தா இன்னிக்கே வரச் சொல்லிடுங்க."

வர வேண்டியது அக்கா ஒருத்திதான்.

அப்போதே போன் செய்தாள். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னாள். மறுமுனையில் அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல டீக்கடையில ஹெல்மெட்டோட ஒருத்தன் நிக்கிறானா, பாரு."

சின்னவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பைக்கின் மேல் பக்கவாட்டில் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவர் போனைக் கேட்டுக்கு நேராகப் பிடித்திருந்தார். "இருக்காரு."

"எதிராளி அனுப்பின ஆளு. நான் உள்ள நுழைஞ்சா போதும். ஆஸ்பத்திரிய மூடணும்னு ஊர் பூரா பேசுறவ, அப்பன அங்கதான் படுக்க வச்சிருக்கான்னு சாயங்காலத்துக்குள்ள எல்லார் போன்லயும் என் படம் வந்துரும். இன்னிக்குக் கூட்டத்துலதான் கடைக்காரங்க யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்ணப்போறாங்க. அது முடிஞ்சதும் பின்வாசல் வழியா ஓடி வந்துடறேன். அப்பாவுக்குப் புரியும்டி."

"டாக்டர் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

மத்தியானம் வெயில் ஜன்னல் கம்பிகளை வார்டின் தரையில் நீளமாகக் கிடத்தியது. எட்டுக் கட்டிலிலும் ஆள் இருந்தது. எதிர்க் கட்டில்காரர் மனைவி தண்ணீர் டம்ளரை மூட அதே நோட்டீஸைத்தான் வைத்திருந்தாள். டம்ளரின் ஈரவட்டத்துக்குள் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். விட்டு விட்டு எரிந்த டியூப்லைட்டை நர்ஸ் துடைப்பக் கட்டையால் தட்டினாள். அது எரிந்தது, அவள் திரும்பியதும் அணைந்தது.

"எங்கக்கா நோட்டீஸைப் படிச்சீங்களா சிஸ்டர்?" சின்னவளுக்கு அவளை நிமிர்ந்து பார்க்கத் தயக்கமாக இருந்தது.

"படிக்காம என்ன? அவங்க சொல்றது தப்புன்னு சொல்லமாட்டேன். இது ஆஸ்பத்திரியா? டாக்டர் இல்ல, மருந்து இல்ல, நான் ஒருத்தி இருக்கேன். மூடட்டும். மூடற வரைக்கும் இந்த லைட்ட மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லுங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். "பொடிசு, அந்த நோட்டீஸைப் படி. நானும் வாக்காளர்தானே?"

அவள் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். "ஒண்ணு, கடைத்தெருவுக்கு ஒழுகாத கூரை. ரெண்டு, நகரசபை வேலை எதுவானாலும் உள்ளூர் ஆளுக்குத்தான் முதல்ல. மூணு, கிடங்குக்குக் குடுத்த வரிச்சலுகையை ரத்து பண்றது. அஞ்சு..."

"நாலு?"

"நாலு இல்லப்பா. அச்சுல விட்டுப்போச்சு."

அப்பாவின் மாஸ்க் சிரிப்பில் ஒருமுறை மூடுபனி கட்டித் தெளிந்தது. "எங்கிட்டயா? கணக்கு நம்பரை விடுவாளா? படி."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு படித்தாள். "நாலு. நட்டத்தில் ஓடும் எட்டுப் படுக்கை மருத்துவமனையை மூடி, அந்தக் கட்டடத்தைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டு, வரும் வருமானத்தில் இரவும் பகலும் ஓடும் இரண்டு ஆம்புலன்ஸ்கள்."

அப்பா மேலே அணைந்து கிடந்த டியூப்லைட்டையே பார்த்தார். ஒரு நீண்ட சாலையை முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கா," என்றார். "ரெண்டு வண்டின்னா டிரைவருக்கு வேலை இருக்கு." மூச்சைத் தேடி எடுத்தார். "ஊர் பூரா வீடு வீடாப் போய் ஓட்டுக் கேக்கறா. எங்கிட்ட மட்டும் கேக்கல. நேர்ல வந்து கேட்டாத்தான் போடுவேன்னு போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் நிற்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து சிலிண்டரைத் திருகினாள். ஒருவழியாக அடங்கியபோது, சின்னவள் அதுவரை பார்த்திராத ஒன்று அப்பாவின் கண்ணில் இருந்தது. மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் இறங்கிய கதையைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்ன மனிதர் அவர்.

"பொடிசு." அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "போய்க் கூட்டிட்டு வா."

அவள் அக்காவின் போனுக்கு அடித்தாள். அக்காவின் பிரச்சாரத்தைக் கவனிக்கும் பொறுப்பாளர்தான் எடுத்தார். "மேடம் மேடைல இருக்காங்கம்மா. இறங்கினதும் கண்டிப்பா சொல்லிடறேன்."

"நீங்க போய்ட்டு வாங்க, நான் பக்கத்துலயே இருக்கேன்," என்றாள் நர்ஸ். அப்பாவின் பிடியிலிருந்து கையை எடுக்கச் சின்னவளுக்குத் தெம்பு வரவில்லை. அவரே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவளை விட்டார்.

அவள் ஓடினாள். கடைத்தெருவின் இறங்கிய ஷட்டர்களில் எல்லாம் அக்காவின் முகம் ஒட்டியிருந்தது. செருப்பின் வார் அறுந்தது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. கடைக்காரர்கள் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நான்கு வேட்பாளர்கள் இருந்தார்கள். மைக் அக்காவிடம் இருந்தது.

"நம்ம ஊர்ல புழங்கற காசு சாயங்காலமே ஊரை விட்டுப் போயிடுது. கிடங்குல வாங்கறோம். அவன் நமக்கு வரி கட்டறதில்ல, நம்ம பிள்ளைகளுக்கு வேலை குடுக்கறதில்ல. கூரை ஒழுகற கடைக்காரர் மட்டும் வரி கட்டறார். நகரசபை பழைய கடனுக்கு வட்டி கட்ட புதுக் கடன் வாங்குது. எதையாவது நிறுத்தாம எதையும் ஆரம்பிக்க முடியாது. எனக்கு இனிப்பாப் பேச வராது. உங்களுக்கு இனிப்பு வேணும்னா எனக்குப் பக்கத்துல உக்காந்திருக்காரு."

ஹால் சிரித்தது. பக்கத்து நாற்காலிக்காரரும் சிரித்தார். அக்கா நன்றாகத்தான் பேசினாள். அவள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை என்பது சின்னவளுக்குத் தெரியும். கையில் செருப்போடு கடைசி வரிசையின் பின்னால் நின்று, அவள் அந்த உண்மை சீக்கிரம் முடியட்டும் என்று காத்திருந்தாள்.

நடுவரிசையில் காய்கறிக்காரம்மா எழுந்தாள். "எல்லாம் சரிதான் தாயி. ஆஸ்பத்திரிய மூடிட்டா, எங்களுக்கு மூச்சு முட்டுறப்போ எங்க போறது? அதச் சொல்லு."

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது சின்னவள் கையைத் தூக்கினாள். அக்காவின் பார்வை அந்தக் கையில் வந்து நின்றது. கூட்டத்தை நடத்தியவர் அதைப் பார்த்துவிட்டு, "பின்னாடி இருக்கிற அம்மாவும் கேக்கட்டும், சேர்த்தே பதில் சொல்லிடலாம்," என்றார். வரிசை வரிசையாகக் கை மாறி இன்னொரு மைக் அவளிடம் வந்துவிட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்பா என்ற சொல் தொண்டை வரை வந்தது. ஹெல்மெட்காரர், படம், ஊர் முழுக்கப் போன்கள். அக்காவின் இரண்டு வருட உழைப்பு.

"ஒரு வாக்காளர்..." ஸ்பீக்கரில் அவள் குரல் அவளுக்கே யாரோபோல் இருந்தது. "நேர்ல வந்து கேட்டாத்தான் ஓட்டுப் போடுவேன்னு சொல்றாரு."

"பெரிய ஆளுதான்!" என்று யாரோ கத்தினார்கள். மறுபடியும் சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. "வரேன்னு சொல்லுங்க," என்றாள். "கூட்டம் முடிஞ்சதும் நேரா அவர்கிட்டதான் வரேன்."

"கூட்டம் முடியற வரைக்கும் அவர் இருக்கமாட்டார்."

சிரிப்பு அங்கங்கே அறுந்தது. அக்கா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் உரசிய சத்தம் மைக்கில் கேட்டது. பொறுப்பாளர் மேடை ஓரத்திலிருந்து உட்காருங்கள் என்று கையை அமுக்கிக் காட்டினார். "பதில் சொல்லிட்டுப் போங்க மேடம்! மூச்சு முட்டினா எங்க போறது?" என்று ஒரு கடைக்காரர் கேட்டார். காய்கறிக்காரம்மா இன்னும் உட்காரவில்லை.

அக்கா தங்கையைப் பார்த்தாள். பிறகு காய்கறிக்காரம்மாவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

"நாலாவது விஷயம்..." என்று தொடங்கினாள். அதற்குமேல் சின்னவள் கேட்கவில்லை. மைக்கைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள்.

வார்டுக்குள் நுழைந்தபோதே தெரிந்துவிட்டது. சிலிண்டரின் சீறல் இல்லை. நர்ஸ் அப்பாவின் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, அது பதிந்திருந்த மூக்கின் மேல்பகுதியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க கேட்டைத் தாண்டியிருப்பீங்க, அப்பவே..." என்றாள். "நான் கையைப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்."

சின்னவள் கையிலிருந்த செருப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலுக்கடியில், அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏதாவது சொன்னாரா சிஸ்டர்?"

"வண்டிய ஓரமா நிறுத்துன்னார். யாரச் சொன்னார்னு தெரியல."

அப்பாவின் கை இன்னும் சூடாக இருந்தது. பிரித்துவிட்ட விரல்கள் பிரிந்தபடியே இருந்தன. அவள் அவற்றை ஒன்றுசேர்த்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். போகாமல் இருந்திருக்கலாம். அவர் சொன்னாலும் போகாமல் இருந்திருக்கலாம். சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, நகரக்கூட முடியவில்லை.

வெளிச்சம் சிவக்கத் தொடங்கியபோது அக்கா வந்தாள். பின்வாசல் வழியாக அல்ல. ஜன்னலில் சின்னவளுக்குக் கேட் தெரிந்தது. ஹெல்மெட்காரர் பைக்கிலிருந்து இறங்கி, போனை உயர்த்திப் பிடித்து, அக்காவோடு கூடவே பக்கவாட்டில் நடந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. சேலையில் குத்திய வேட்பாளர் அட்டை அப்படியே இருந்தது.

கட்டிலருகே வந்து நின்றாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் கையை வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

"பதில் சொல்லிட்டு வந்தேன்," என்றாள் கடைசியில்.

"என்ன சொன்னே?"

அக்கா அப்பாவின் சட்டைக் காலரை நேராக்கினாள். அவள் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

வராந்தா பெஞ்சில் ஒரு பெண் இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் அவள் முதுகைத் தேய்த்தபடி, வாசல் வழியாக இந்தக் கட்டிலையே பார்த்தான். பார்த்துவிட்டோமே என்று பார்வையைக் கீழே போட்டான். நர்ஸ் கைகளைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் வந்தாள்.

"கேக்கக் கூடாதுதான்..." என்றாள் அக்காவிடம். "வேற கட்டில் இல்லம்மா."

அக்கா வராந்தாவைப் பார்த்தாள். "எடுத்துக்கங்க," என்றாள்.

இரண்டு துப்புரவு ஊழியர்கள் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்தார்கள். சகோதரிகள் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள, அப்பாவை அதில் மாற்றினார்கள். லாரிக்காரரின் உடம்பு இவ்வளவு லேசாகிவிட்டதை இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. நர்ஸ் வேறு விரிப்பை விரித்தாள். விரிப்பைச் செருகக் கட்டிலை அவள் இழுத்தபோது, மடித்த காகிதம் விலகி வெளியே வந்தது. அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். கட்டில் சாய்ந்தது. அவள் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா குனிந்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு, காகிதத்தை எடுத்தாள். அது நாள் முழுதும் அழுந்தித் தட்டையாகிப் போயிருந்தது. பிரித்தாள். தன் முகத்தையும் கீழே வரிசையாக இருந்த எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். போன் மறுபடி அதிர்ந்தது. நோட்டீஸை முன்னைவிடச் சின்னதாக, கெட்டியாக மடித்தாள். எந்தப் பக்கம் உள்ளே போகிறது என்று கவனிக்கவில்லை. கட்டில் காலைத் தோளால் தூக்கி அடியில் வைத்து, உள்ளங்கையால் தள்ளினாள். ஒரு கண்ணும் பாதி நெற்றியும் வெளியே தெரிந்தன.

கம்பியைப் பிடித்து ஒருமுறை உலுக்கிப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள்.

"சாஞ்சுக்கங்கம்மா," என்றாள் அந்தப் பெண்ணிடம். "இப்ப ஆடாது."