ஆயில்யம் முடியும் வரை

மணி பதினொன்று இருபது. ஆயில்ய நட்சத்திரம் முடிய இன்னும் இரண்டு மணி ஐம்பது நிமிடம் இருந்தது. சாமுண்டீஸ்வரி செல்போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். உடனே மறுபடி எடுத்துப் பார்த்தாள். பதினொன்று இருபத்தொன்று.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவளுக்குப் பனிக்குடத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. பழைய புடவையைக் கிழித்து மடித்து வைப்பதும், நனைந்ததும் மாற்றுவதும், குளியலறையில் அலசிப் பிழிந்து மற்றத் துணிகளுக்கு அடியில் காயப்போடுவதுமாக ஓட்டிவிட்டாள். வயிற்றுக்குள் பிள்ளை தலை மேலே, கால் கீழே என்று உட்கார்ந்திருந்தது. திரும்பாது, ஆபரேஷன்தான் என்று தாம்பரம் டாக்டரம்மா போன வாரமே சொல்லிவிட்டார். புதன் முதல் சனி வரை எந்த நாளானாலும் எனக்குச் சரி, நீங்களே சொல்லுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்று சொன்னது சாமுண்டீஸ்வரிதான். "ஆனா நடுவுல வலி வந்தாலோ தண்ணி போனாலோ அப்படியே கெளம்பி வந்துடணும். ஒரு நிமிஷம்கூட வீட்ல ஒக்காரக் கூடாது, புரியுதா?" என்று டாக்டரம்மா விரலை நீட்டி இரண்டு தடவை சொன்னார். புரிகிறது என்று இவளும் இரண்டு தடவை தலையாட்டினாள்.

இன்று வியாழக்கிழமை.

அவள் பிறந்தது ஆயில்யத்தில். ஆயில்யத்துப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஊரே சொல்லும். அம்மா கட்டட வேலையில் சித்தாள். மணலும் ஜல்லியும் சுமந்த சம்பளத்தில் மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தாள், கம்மல் வாங்கிப் போட்டாள், தரகரிடம் சொல்லிவைத்தாள். மூன்று இடம் வந்து மூன்றும் போய்விட்டன. மூன்றாவது இடத்துக்காரர்கள் குன்றத்தூர் மலைக்கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். பையனின் அம்மா இவள் கன்னத்தைத் தொட்டு, பொண்ணு லட்சணமாத்தான் கீது என்றாள். கையிலிருந்த ஜாதகத்தைப் பிரித்துப் பார்த்ததும், "எனக்கு இன்னும் பத்து வருஷமாவது இருக்கணும்னு ஆசைம்மா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து படியிறங்கிவிட்டாள். அந்தச் சிரிப்புதான் இவளால் மறக்க முடியாதது. கடைசியில் மாமியார் இல்லாத வீடாகப் பார்த்து ஊரப்பாக்கத்தில் கொடுத்தார்கள். தயாளனின் அம்மா அவன் எட்டாவது படிக்கும்போதே மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தாள். கொல்லுவதற்கு அங்கே ஆள் இல்லை. அதனால் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

ஆறாம் மாதத்திலிருந்து படுக்கையிலேயே இருக்கச் சொன்னபோது, வாழ்க்கை முழுக்கத் தன்மேல் ஒட்டியிருக்கும் இந்தச் சங்கதி என்னதான் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். ஜாதகம் கற்றுக்கொடுக்கும் வீடியோக்கள் செல்போனில் வண்டிவண்டியாகக் கிடந்தன. முதலில் ஒரு சதுரம். அதன் ஓரத்தைச் சுற்றிப் பன்னிரண்டு கட்டம், கட்டம் ஒன்றுக்கு ஒரு ராசி. பிள்ளை பிறக்கும்போது கிழக்கில் எந்த ராசி எழுகிறதோ அது லக்னம். இரண்டு மணிக்கு ஒருமுறை அது அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். சந்திரன் அவ்வளவு அவசரப்படாது. ஒரு கட்டத்தில் இரண்டே கால் நாள் குடியிருக்கும். அது இருக்கும் கட்டம்தான் பிள்ளையின் ராசி. அந்தக் கட்டத்துக்குள்ளும் எந்த இடத்தில் நிற்கிறதோ அது நட்சத்திரம். நட்சத்திரம் இருபத்தேழு, ஒன்றுக்குச் சுமாராக ஒரு நாள். இவ்வளவும் அவளுக்கு விளங்கிவிட்டது. ஆயில்யம் ஏன் மாமியாரைக் கொல்லும் என்பது மட்டும் விளங்கவில்லை. நாற்பது வீடியோ பார்த்தாள். பெரியவங்க சொல்லியிருக்காங்க என்பதைத் தாண்டி ஒருத்தரும் போகவில்லை.

ஆனால் காரணம் விளங்காவிட்டால் பயம் போய்விடுமா? கடகக் கட்டத்தின் கடைசித் துண்டு ஆயில்யம். அதைத் தாண்டினால் சிம்மம், மகம். மகத்தில் பிறந்த பெண்ணை யாரும் படியிறங்கி விட்டுப்போக மாட்டார்கள். நேற்று மதியம் ஆயில்யத்துக்குள் நுழைந்த சந்திரன் இன்று இரண்டு பத்துக்கு வெளியே வரும். அதுவரை இந்தப் பிள்ளை உள்ளே இருந்தால் போதும். பெண்ணாகத்தான் இருக்கும் என்று ஏனோ அவளுக்கு உறுதியாகத் தோன்றியது.

"ஈஸு, கஞ்சி வச்சிகீறேன். ஊத்தினு வரவா?" மாமனார் ஏகாம்பரம் சமையலறையிலிருந்து கேட்டார்.

"அப்புறமா குடிக்கிறேன் மாமா."

கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார். "இன்னாமா மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"ராத்திரி தூக்கமே இல்ல."

"நாளிக்கு இந்நேரம் கையில புள்ள. பொறுத்துக்கோ."

அவர் போனதும் வயிற்றில் கை வைத்தாள். காலையில் எட்டு மணிவாக்கில் ஓர் உதை. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தூங்குகிறதோ என்னவோ. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு இடப்பக்கமாகப் படுத்தால் அசையும் என்று ஆஸ்பத்திரி சிஸ்டர் கிறிஸ்டினா சொல்லிக்கொடுத்திருந்தார். குடித்தாள், படுத்தாள், காத்திருந்தாள். அடிவயிறு இறுகியது, பிறகு விட்டது. அது வலி. உதை இல்லை.

பன்னிரண்டு ஐந்துக்குக் குளியலறைக்குப் போனாள். துணியை எடுத்துப் பார்த்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் வெறும் தண்ணீராக இருந்தது இப்போது பச்சையாக இருந்தது. தேங்கின குட்டைத் தண்ணீரின் பச்சை. உள்ளே பிள்ளைக்கு முடியாமல் போனால் வயிற்றுக்குள்ளேயே மலம் போய்விடும், தண்ணீர் பச்சையாகும் என்று கிறிஸ்டினா சிஸ்டர் இதையும்தான் சொல்லியிருந்தார்.

இன்னும் இரண்டு மணி நேரம். வாளியில் தண்ணீரைத் திறந்து விட்டாள். அலசிவிடலாம் என்று துணியைக் குனிந்து முக்கினாள். துணி நழுவி, வாளித் தண்ணீர் முழுவதும் பச்சையானது.

"மாமா!" என்று கத்தினாள். "பேபி அக்காவ கூப்பிடுங்க! ஆட்டோ எடுக்கச் சொல்லுங்க!"

கீழ் வீட்டுப் பேபி சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறவள். சோற்றில் கை வைத்தவள் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள். ஏகாம்பரம் ஒரு பக்கம், பேபி ஒரு பக்கம் பிடித்து மாடிப்படி இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். "படுத்துக்கடி. கால தூக்கி அவரு மடியில வை. மாமனாருன்னு கூச்சப்பட்டுகினு கீறாத, இப்ப அதுவா முக்கியம்?" என்றாள் பேபி. கல் உடைத்துக் காய்த்துப்போன ஏகாம்பரத்தின் கை அவள் பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டது.

வண்டலூர் வரை வண்டி பறந்தது. பெருங்களத்தூருக்கு முன்னால் எல்லாம் நின்றுவிட்டது. பஸ், லாரி, தண்ணீர் வண்டி, நடுவே புகுந்த பைக்குகள். பேபி தலையை வெளியே நீட்டி, "யோவ் லாரி! உங்க அப்பன் வூட்டு ரோடாயா இது? உள்ள புள்ளத்தாச்சி கீது, கொஞ்சம் ஒதுங்குயா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

மணி பன்னிரண்டு ஐம்பது. இப்படியே இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் நின்றுவிட்டால்? சாமுண்டீஸ்வரியின் மனதுக்குள் சட்டென்று ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. யார் மேலும் குற்றம் இல்லை, டிராபிக்தான் காரணம், மகம் வந்துவிடும். அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தைக் கண்டு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பச்சைத் தண்ணீருக்குள் மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்குச் சந்தோஷப்பட்டாள்? "அக்கா, போங்கக்கா, சீக்கிரம் போங்கக்கா!" என்று அலறினாள்.

"போய்கினுதாண்டி கீறேன்!" பேபி ஆட்டோவை நடைபாதையில் ஏற்றி, ஒரு இளநீர்க் கடையின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வெளியே எடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் வந்தது. தள்ளிக்கொண்டே கிறிஸ்டினா சிஸ்டர் கேட்டார்: "எப்ப இருந்து தண்ணி போகுது?"

தலைமாட்டில் ஏகாம்பரம் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார். சாமுண்டீஸ்வரி அவரைப் பார்த்தாள்.

"இப்பதான் சிஸ்டர். பன்னெண்டு மணியிலருந்து."

சிஸ்டர் அதை எழுதிக்கொண்டார்.

முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லாமல் போனது. நெஞ்சுக்கு நேராகப் பச்சைத் துணியைக் கட்டிவிட்டார்கள். எதிர்ச் சுவரில் கடிகாரம். பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடினாலும் கண் தானாகத் திறந்தது. ஒன்று முப்பத்திரண்டு. யாரோ, பொண்ணு என்றார்கள். அழுகைச் சத்தம் வரவில்லை. டாக்டரம்மா, சீக்கிரம் சீக்கிரம் என்று யாரையோ விரட்டினார். ஒரு குழாய் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் கடிகாரத்தை மறந்துபோனாள். பிறகு, பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்ன முனகல். குழந்தையைக் காட்டவில்லை. துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

நாலரை மணிக்கு அவள் வார்டில் கிடந்தாள். சிறுசேரியில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் தயாளன், கம்பெனிச் சட்டையோடு அப்படியே பைக்கில் வந்திருந்தான். கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றான். குழந்தை பக்கத்து அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மூச்சு வேகவேகமாக வாங்குகிறது, பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். எதைப் பார்த்து, எப்போது சொல்வார்கள் என்று தெரியவில்லை.

ஏகாம்பரம் மெல்லக் கேட்டார்: "நீதான் போன்ல அதெல்லாம் பாப்பியே. இன்னா நட்சத்திரம்மா வருது?"

"ஆயில்யம்" என்றவள் விசும்பத் தொடங்கினாள். "முப்பத்தெட்டு நிமிஷம் மாமா."

"அட, இதுக்கா அழுவுற? ரெண்டரைக்குப் பொறந்துச்சுன்னு போட்டுக்கோ. எவன் வந்து எட்டிப் பாத்தான்?"

"அப்படிப் பொய் சொல்ல முடியுமா?"

"இன்னா முடியுமாவா? தோ நிக்கிறானே இவன், இவன் எப்ப பொறந்தான்னு யாருக்குத் தெரியும்? நான் பல்லாவரத்துல கல்லு ஒடச்சிகினு இருந்தேன். இவங்க அம்மாவக் கேட்டா, நல்ல மழ பேஞ்சுதுன்றா. தேதி வாத்தியாரு போட்டது. நேரம் நான் போட்டது. உன் போட்டோவப் பாத்துட்டு, கட்டுனா இந்தப் பொண்ணத்தான்னு ஒத்தக் கால்ல நின்னான். உன் ஜாதகத்த எடுத்துகினு ஜோசியர் கையில போய், இதுக்குத் தோதா ஒண்ணு எழுதிக் குடு சாமின்னேன். எட்டுப் பொருத்தம் வரா மாதிரி எழுதினாரு."

தயாளன் லேசாகச் சிரித்தான். "நானும் கூடத்தான் போனேன். பத்தும் வேணும்னு கேட்டேன். வேணாம்பா, சந்தேகம் வரும்னாரு."

சாமுண்டீஸ்வரியால் சிரிக்க முடியவில்லை. நேரம் என்ன என்று ஜோசியர் கேட்டதும் உள்ளதை உள்ளபடி, நிமிடம் பிசகாமல் சொல்லிவிட்டு வந்த தன் அம்மாவை நினைத்தாள். மூன்று மாப்பிள்ளை வீட்டார் போனபோதும் அவள் வாயில் வேறு நேரம் வரவில்லை. ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதுமாக இருந்திருக்கிறது. அதற்கு நான் பிள்ளையை அல்லவா நிறுத்திவைத்தேன்? நேற்றுச் சாயங்காலத்திலிருந்து, அதன் மூச்சைப் பிடித்து...

குழந்தை டாக்டர் கையில் ஃபைலோடு வந்தார். சின்ன வயசுக்காரர். நின்றுகொண்டே பேசினார். "குழந்தைக்கு இன்ஃபெக்ஷன் இருக்கான்னு சந்தேகமா இருக்கு. பனிக்குடம் பன்னெண்டு மணிக்குத்தான் உடைஞ்சுதுன்னு எழுதியிருக்கு. அப்படின்னா அவ்வளவு பயம் இல்ல, ரிசல்ட் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணலாம். நேரம் கரெக்ட்தானே?"

"கரெக்ட் சார்" என்றார் ஏகாம்பரம். "நான்தான் ஆட்டோவுல ஏத்துனேன்."

டாக்டர் தலையாட்டிவிட்டு ஃபைலை மூடினார்.

"சார்" என்றாள் சாமுண்டீஸ்வரி. தையல் இழுத்தது. தலையைத் தூக்க முடியவில்லை. "பன்னெண்டு மணி இல்ல சார். நேத்து. நேத்து சாயந்தரம் ஆறே காலு."

"இன்னிக்கா, நேத்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"நேத்துதான் சார். தெரிஞ்சுதான் சொல்லல. ராத்திரி பூரா போச்சு."

டாக்டர் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்தார். ஃபைலைத் திறந்து பழைய நேரத்தைக் கோடு போட்டு அடித்து எழுதிக்கொண்டே, "சிஸ்டர், ஆன்டிபயாடிக் இப்பவே ஆரம்பிக்கணும். வெயிட் பண்ண வேணாம்" என்று குரல் கொடுத்தபடி வேகமாக வெளியே போனார்.

தயாளன் கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். "ஏன்?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். அவளிடம் சொல்வதற்குப் பதில் இருந்தது. பன்னிரண்டு கட்டமும், கடகமும், சிம்மமும், குன்றத்தூர்ப் படிக்கட்டும் எல்லாம் இருந்தன. அவள் பக்கத்து அறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பக்கத்து அறையில் ஊசி ஏறியிருக்க வேண்டும். குழந்தை வீறிட்டு அழுதது. தயாளன் கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். சாமுண்டீஸ்வரி அசையாமல், மூச்சைக்கூட விடாமல், அந்த அழுகை நின்றுவிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டே கிடந்தாள்.