திரும்பி நீந்தியவன்

தோலஸ் திரிபைனாவுக்குத் தரவேண்டியது நாற்பத்து மூன்று அசாரிச் சில்லறை. மூன்று மாதமாகக் குடித்த மது, தின்ற உப்புமீன், ஒருநாள் கோபத்தில் உடைத்த ஜாடி எல்லாம் அதில் அடக்கம். அபிதோஸ் துறைமுகத்தில் இருந்த அவளுடைய மதுக்கடைச் சுவரில் அத்தனையும் கரிக்கோடுகளாக நின்றன. ஈடாக அவனுடைய கம்பளிப் போர்வையை வாங்கி வைத்திருந்தாள். இன்று பொழுது சாய்வதற்குள் காசு வராவிட்டால் போர்வை ஒரு கப்பல்காரனுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டாள். வடகாற்று தொடங்கியிருந்தது. ஜலசந்தியைத் தாண்டி வரும் அந்தக் காற்றுக்கு எலும்புவரை வழி தெரியும்.

ஆகவே தோலஸ் அன்று கூலியையே நினைத்துக்கொண்டு சம்மட்டி அடித்தான். ஊர் நாணயச்சாலையில் அவனுக்கு அதுதான் வேலை. கீழ் அச்சில் பேரரசரின் தலை, மேல் அச்சில் ஊரின் கதை, நடுவில் சுடச்சுட வெண்கல வில்லை. ஓங்கி ஒரே அடி. ஊரின் கதை என்றால் லியாண்டர்தான். எதிர்க்கரை செஸ்தோஸில் விளக்கோடு கோபுரத்தில் நிற்கும் ஹீரோ என்ற பெண்ணைப் பார்க்க இரவுதோறும் கடலை நீந்திக் கடந்த அபிதோஸ்காரன். கடைசியில் அவன் புயலில் மூழ்கிப்போனதை மட்டும் யாரும் காசில் போடுவதில்லை.

மதியத்துக்குள் கூடை நிறைந்தது. கூலி கொடுக்க அதிகாரி எவாண்ட்ரோஸ் வந்தார். வெண்கலம் அவர் ஊருக்குக் கொடுத்த நன்கொடை. அதனால் காசின் விளிம்பில் அவர் பெயர். தன் பெயரைப் பார்க்கத்தான் ஒரு காசை எடுத்தார். முகம் சுருங்கியது.

"என்னய்யா இது? இவன் எங்க போறான்?"

அச்சு வெட்டும் சோபிரோஸ் எட்டிப் பார்த்தான்; தன் தப்பு தெரிந்தது. அச்சில் எல்லாவற்றையும் இடவலம் மாற்றி வெட்டவேண்டும். கோபுரத்தை ஒழுங்காக மாற்றித்தான் வெட்டியிருந்தான். மறுநாள் பல்வலியோடு உட்கார்ந்தவன், நீந்துகிறவனை மட்டும் பழைய காசில் உள்ளபடியே வெட்டிவிட்டான். கோபுரத்தில் ஹீரோ விளக்கை நீட்டிக்கொண்டு நிற்க, லியாண்டர் அவளுக்குப் பாதத்தைக் காட்டிக்கொண்டு மும்முரமாக எதிர்த்திசையில் நீந்திக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஓயாமல் அடித்த தோலஸுக்கோ ஒவ்வொன்றிலும் போர்வைதான் தெரிந்தது.

"செஸ்தோஸ்காரன் பாத்தா வாயால சிரிக்க மாட்டான்யா. என் பேரு வேற போட்டிருக்கு! அத்தனையும் உருக்கு. புது அச்சு வந்தப்புறம் கூலியப் பாத்துக்கலாம்."

தோலஸுக்கு முதுகில் காற்றடித்தது போலிருந்தது. வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, அவன் ராத்திரி ராத்திரி போனான்ல?"

"ஆமா."

"போனவன் விடிகாலைல திரும்பி வந்தாத்தானே மறுநாளு போக முடியும்? இது வரும்போது போட்டது."

சோபிரோஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "அதேதான் ஐயா! நம்ம ஊரப் பாத்து வர்றான் பாருங்க. ஊர்ப் பாசம்."

"விடிகாலைல எதுக்குடா விளக்கு?"

"குளிர்காலம்ங்க. இருட்டா இருக்கும்."

"அவ எதுக்குக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா?"

சோபிரோஸ் தோலஸைப் பார்த்தான். தோலஸ் கூரையைப் பார்த்தான். "எதையாவது மறந்து வச்சிட்டுப் போயிருப்பான் ஐயா," என்றான்.

எவாண்ட்ரோஸ் இருவரையும் மாறி மாறி முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உருக்குறதுக்குக் கரிச் செலவு யாரோடது?"

"உங்களோடதுதான் ஐயா. புது அச்சுக்கூலியும்," என்றான் சோபிரோஸ்.

அதிகாரி காசைக் கூடையில் போட்டார். "ஊர்ப் பாசம் நல்ல விஷயந்தான்," என்றார்.

கூலியாகப் பத்துக் காசு கிடைத்தது. ஒவ்வொன்றும் நாலு அசாரி பெறும். தோலஸ் ஓடினான். திரிபைனா போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கப்பல்காரன் பக்கத்தில் நின்று அதை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தான். தோலஸ் பலகைமேல் காசைக் கொட்டினான். அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தோலஸுக்கு அப்போதுதான் அவள் பிறந்த ஊர் செஸ்தோஸ் என்பது உறைத்தது.

முதலில் அவள் தோள் குலுங்கியது. பிறகு பலகையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"எங்க ஊருப் பொண்ணு குளிர்ல விளக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. உங்க ஊர்க்காரன் கால ஆட்டிக்கிட்டுப் போறான். இத்தன வருஷத்துல இப்பதான்யா உள்ளதப் போட்டிருக்கீங்க!"

"அது ஊர்ப் பாசம் அக்கா."

"பாசமாம்! என் புருஷனும் இப்படித்தான் போனான். அவன் படகுல போனான், அவ்வளவுதான் வித்தியாசம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினாள். "நாப்பது. மூணு குறையுது."

அதற்கு ஈடாக வைக்க, தோலஸ் குனிந்து செருப்பின் வாரை அவிழ்க்கத் தொடங்கினான்.

"ஐயோ, மாட்டுய்யா அத! கடையில ஆளு சாப்புட்றாங்க." போர்வையைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்தாள். "அந்த மூணுக்கும் சிரிச்சாச்சு, போ."

ஈரத்துணியை எடுத்துச் சுவரைத் துடைத்தாள். கரி வழிந்து தரையில் சொட்டியது. மூலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த செஸ்தோஸ் படகுக்காரக் கிழவர் ஒரு காசை இரவல் வாங்கிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து ஒருமுறை திருப்பினார், தலைகீழாகத் திருப்பினார், தானே கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். எப்படித் திருப்பினாலும் அந்தப் பையன் கோபுரத்தை விட்டுப் போய்க்கொண்டேயிருந்தான்.