வாளியில் கிளிப் பிரிக்கும் வேலை

பெண்டிகோ நகரில் ஜூலைதான் குளிர்காலம்; அந்தக் குளிரில் சலவைக்கூடத்தின் பின்வாசலில் நாற்காலி போட்டு ரேலினை உட்காரவைத்திருந்தான் முதலாளி டெஸ். ஈர விரிப்புகளை இழுத்தே அவள் வலது தோளில் தசை கிழிந்திருந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, உட்கார்ந்து செய்யும் வேலைதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். டெஸ் கொடுத்தது, துணிக்கிளிப்புகளில் உடைந்ததையும் நல்லதையும் பிரிக்கும் வேலை. சாயங்காலம் இரண்டையும் அவனே ஒரு வாளியில் கொட்டிக் கலக்கிவிடுவான். மறுநாளும் அதே வாளி.

கோபத்தில் அவள் எழுந்து போனால் போதும், கொடுத்த வேலையை மறுத்தாள் என்று, அடிபட்டதற்காக அவளுக்கு வரும் வாராந்தரப் பணம் நின்றுவிடும். அவனுக்குச் சனியன் தொலைந்தது. வாடகை வீட்டில் இருக்கும் ரேலின் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மகாராணிக்கு இன்னும் வலிக்குதாம். அவ மூட்டையையும் நான்தான் சுமக்கறேன்" என்பாள் கூட வேலை செய்யும் ஷோனா, தேநீர் நேரத்தில், எல்லார் காதிலும் விழும்படி.

ஒன்பதாம் நாள் அரசு ஆய்வாளர் பிரிஜிட் வந்தாள். வாளியைப் பார்த்தாள்.

"இது யார் குடுத்த வேலை?"

"என்னைக் கேட்டா? அடிபட்டவங்களைத் திரும்ப வேலைக்குச் சேர்க்க ஒரு பொறுப்பாளர் இருக்கணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க. அவங்க சொன்னதுதான்" என்றான் டெஸ்.

"பேரு?"

டெஸ்ஸுக்கு அது நினைவில்லை. மூன்று வருடம் முன்பு அந்தப் படிவம் வந்தபோது, இங்கே எவனுக்கு அடிபடப் போகிறது என்று பக்கத்தில் நின்றவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளிடமும் சொல்லாமல் மறந்திருந்தான்.

பிரிஜிட் தாளைப் புரட்டினாள். "ரேலின் டக்வெல்."

"நானா?" ரேலின் எழுந்துவிட்டாள். "அடப்பாவி, என் பேரையா போட்டே? இப்படி ஒரு வேலைய எனக்கு நானே குடுத்துப்பேனா?"

"மாத்திடறேன்! இப்பவே மாத்திடறேன்!" டெஸ் கத்தினான். "ஷோனா, இனிமே நீதான். வந்து கையெழுத்துப் போடு."

ஷோனா வந்தாள். பேனாவை வாங்கி ரேலின் கையில் திணித்தாள்.

"உன்மேல இருக்கற கோவம் போகலடி. ஆனா பொறுப்பாளர் நீதான், எழுது. என் முதுகு. ரெண்டு மாசமா வலி. வாளிக்குப் பயந்து வாயத் திறக்கல."