சிங்கம் ஒட்டிய ஹெல்மெட்

சோப்பு கலந்த வெந்நீரில் ஊறிய சிங்க ஸ்டிக்கர் ஒருவழியாக அவள் நகத்துக்கு இடம் கொடுத்தது. பரணிலிருந்து எடுத்த கணவனின் பழைய ஹெல்மெட் அது. மல்லாத்திக் கயிறு கட்டினால் அருமையான தொங்கும் தொட்டி. குண்டு குண்டு இலைகளோடு இருக்கும் சக்குலன்ட் செடிகளை இனித் தரையில் வைக்க வழியில்லை. தவழ ஆரம்பித்த மகள் ஒவ்வோர் இலையாகப் பிய்த்து ருசி பார்க்கிறாள்.

ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் நீளமாக ஒரு விரிசல். பழசுதானே என்று உள்ளே இருந்த பஞ்சைப் பிடுங்கினாள். விரிசல் உள்ளேயும் வந்திருந்தது. பஞ்சின் ஓரத்தில் துருநிறத்தில் கறை. வெயிலில் தூக்கிப் பிடித்தாள்; வெளிச்சம் கோடாக உள்ளே விழுந்தது.

கணவன் ஜெராக்ஸ் மெஷின் மெக்கானிக். டிரில்லோடு பால்கனிக்கு வந்தான்.

"தோட்டக்கார அம்மா, ஓட்டை எங்க போடணும்?"

"போட வேண்டாம். ஏற்கெனவே இருக்கு."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"எப்ப இது?"

அவன் டிரில்லின் வயரைச் சுற்றத் தொடங்கினான்.

போன வருஷம் அவளுக்கு எட்டாவது மாதம். வெளியூரில் வேலை என்று இரண்டு வாரம் அவன் வரவேயில்லை. முதலில் சில நாள் போனே இல்லை; பிறகு தினம் ஒரு நிமிஷம் பேசியதோடு சரி. மொட்டைத் தலையில் குல்லாவோடு வந்து நின்றவனை, "ஊர் சுத்திட்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவன் தலையில் எண்ணெய் வைக்கக்கூட அவளை விட்டதில்லை.

"வெளியூர்னீங்களே, அப்பவா?"

"லாரி உரசிடுச்சு. உனக்கு பிரஷர் ஏறியிருந்த நேரம். சொல்ல வேணாம்னு..."

"யாரு சொன்னா வேணாம்னு?"

"உங்கம்மா. அவங்கதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தாங்க."

"எங்கம்மாவா?" ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். "சாம்பார்ல உப்பு கூடினாலே தெருவுக்கே சொல்ற எங்கம்மாவா?"

"பகல்ல உன்கிட்ட, ராத்திரி என்கிட்ட. மூணு நாள் எனக்கு நினைவே இல்லையாம்."

மூன்று நாள். அந்த மூன்று நாளும் அம்மா அவளுக்குத் தலை வாரிவிட்டாள், அதட்டிச் சாப்பிட வைத்தாள். போன் வரவில்லை என்று அவனைத் திட்டித் தீர்த்தபோது கூடவே சேர்ந்து திட்டினாள்.

"குனிங்க," என்றாள்.

"அதெல்லாம் ஆறிடுச்சு, விடு."

"குனிங்கன்றேன்ல."

டிரில்லைக் கீழே வைத்துவிட்டு அவன் தலை குனிந்தான். சோப்பு ஈரம் காயாத விரல்கள் முடியை விலக்கிக்கொண்டே போயின. இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு. விரல் அதன் முடிவு வரை போனது; நின்றது; மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.