பரங்கிக்காயின் முதல் வெட்டு

குவைத்துக்கு வந்த ஐந்து வருஷத்தில் சந்திரகலா தனியாகச் செய்யாத வேலை இல்லை. கணவர் சேதுராமன் வாரம் முழுக்கப் பாலைவனத்துக் கட்டுமான சைட்டில். வியாழன் மாலைதான் வீடு திரும்புவார். கேஸ் சிலிண்டர் மாற்றுவதும், தண்ணீர் வராத நாளில் அரைகுறை அரபியில் சண்டை போடுவதும் அவள்தான். ஆனால் முழுப் பரங்கிக்காயை மட்டும் அவள் வெட்டியதே கிடையாது. அதில் ஆண் கைதான் முதலில் பட வேண்டும் என்பது முறை; பெண் வெட்டினால் வீட்டு ஆணுக்கு ஆகாது என்பார்கள். வியாழன் இரவு அவர் இரண்டாகப் பிளந்து வைத்தால்தான் வெள்ளிக்கிழமை சாம்பாரில் காய் விழும்.

இன்றோ புதன்கிழமை. எட்டு வயது மகள் ஜெயபாரதியின் இங்கிலீஷ் பள்ளியில் நாளைக் காலை பரங்கிக்காய் விழா. வெள்ளைக்காரர்கள் காயைக் குடைந்து, கண்ணும் மூக்கும் பல்லும் வைத்து, உள்ளே மெழுகுவத்தி ஏற்றுவார்களாம். பிள்ளைகளே வீட்டில் வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டாள். போன வருஷம் அப்பா சைட்டிலிருந்து வரவில்லை என்று வெறுங்கையோடு போன பாரதி, அழுது வீங்கிய முகத்தோடு திரும்பினாள். இந்த வருஷம் என்ன ஆனாலும் சரி, காய் போயே தீரும் என்று சந்திரகலா முடிவு கட்டியிருந்தாள்.

எதிர் ஃப்ளாட் சுசீலா தன் மகள் நாகவள்ளியோடு வந்தாள். நாகவள்ளியும் அதே வகுப்பு. அவள் கையிலும் ஒரு காய். சுசீலாவின் இடுப்பில் இரண்டு வயது மகன் சேதுபதி.

"கவலையை விடு கலா. எங்க வீட்டு ஆம்பளை வந்தாச்சு. இவன் கையைக் கத்தியில வச்சு ஒரு கீறல் போட்டுட்டா, அப்புறம் யார் வேணா வெட்டிக்கலாம்."

அந்த ஆம்பளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவே ஆள் வேண்டும். ஆனாலும் ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதானே என்று சந்திரகலாவும் கத்தியை எடுத்து வந்தாள்.

"என் காயை எதுக்கும்மா இவன் வெட்டணும்? மிஸ் என்னைத்தானே வெட்டச் சொன்னாங்க?" என்றாள் பாரதி.

"பொம்பளைங்க முதல்ல வெட்டக் கூடாதுடி கண்ணு," என்றாள் சுசீலா.

"அப்ப அப்பா இல்லாதப்போ எங்க வீட்ல யாருமே இல்லையா?"

சந்திரகலாவுக்குச் சுருக்கென்றது. 'ஒத்தைப் பொண்ணோட நின்னுபோச்சே' என்று மாமியார் எழுதும் கடிதங்களை அவள் மகள் கண்ணில் படாமல் ஒளித்து வைப்பாள். அதே பேச்சு இன்று கத்தி ரூபத்தில் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

"பாரதி, இந்தா. நீயே வெட்டு."

"அடியே கலா! உங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்காரரும் கிரேனுக்கு அடியில நிக்கிறாங்க. வினையை விலைக்கு வாங்காதே!"

பயம் சந்திரகலாவுக்கும் இருந்தது. அவருக்கு ஒன்றென்றால் இந்த ஊரே நம்மைத்தான் சொல்லும் என்று நினைத்தாள். ஆனாலும் கத்தியை நீட்டிய கையை மடக்கவில்லை.

"அவங்க தலைக்கு ஹெல்மெட் இருக்குக்கா. எம்பொண்ணு தலையிலதான் நாம கல்லைப் போட்டுட்டிருக்கோம்."

காயைச் சந்திரகலா பிடித்துக்கொள்ள, பாரதி பல்லைக் கடித்து அழுத்தினாள். தோல் கெட்டி, முதலில் கத்தி வழுக்கியது. மறுபடி அழுத்தினாள். சதக்கென்று இறங்கியது.

சுசீலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்க காயையாவது முறையா வெட்டுறோம்," என்று மகனை இறக்கி, அவன் விரல்களைக் கத்திப்பிடியில் வைத்தாள். நாகவள்ளி தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுக் கத்தியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அம்மாவை நேராகப் பார்த்தாள்.

சுசீலாவின் கை ஓங்கியது. பாரதி தன் காயில் கண் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி, உருளப் பார்த்த பரங்கிக்காயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"முருகா, சைட்ல நிக்கிற மனுஷனை நீதான் பாத்துக்கணும்," என்று முணுமுணுத்தாள் சுசீலா. பிறகு மகளிடம், "என்னடி பாத்துட்டு நிக்கிறே? அழுத்து!"